கேப்டன் கிர்க் உயிர்த்தெழுந்ததில் எந்தப் பகுதியை நம்பலாம்?

செங்கோள்:

அனைவருக்கும் வணக்கம். 2013-இல் வெளிவந்த ‘ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னெஸ்’ படத்தின் இறுதிப் பகுதியைப் பற்றி எனக்கும் என் நண்பர்களுக்கும் இடையே நெடுநாளாக ஒரு வாதம் நடந்துவருகிறது. மருத்துவமும் இயற்பியலும் அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்கலத்தின் உலை நிலைபிறழ்ந்து கலமே விழுந்துகொண்டிருக்கும்போது, கேப்டன் கிர்க் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் தனியாக நுழைந்து அதை உதைத்து உதைத்து நிலைக்குக் கொண்டுவருகிறார். கண்ணாடிக் கதவுக்கு மறுபுறம் அவர் நண்பர் ஸ்பாக் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிகிறது. உடலைப் பையில் இட்டு மருத்துவப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே, மரபணு மாற்றத்தால் மேம்படுத்தப்பட்ட கான் என்பவனின் ரத்தத்தை மருத்துவர் மெக்காய் ஏற்கெனவே இறந்துபோன ஒரு சிறு பிராணிக்குச் செலுத்தி வைத்திருக்கிறார். அது திடீரென்று மூச்சுவிடுகிறது. உடனே உறைநிலைப் பேழை ஒன்றிலிருந்து அதில் உறங்கியவரை வெளியே எடுத்துவிட்டு, மூளை கெடாமல் இருப்பதற்காகக் கிர்க்கை அதற்குள் வைக்கிறார்கள். பிறகு கானைப் பிடித்து, அவன் ரத்தத்திலிருந்து மருந்து தயாரித்துச் செலுத்துகிறார்கள். இரண்டு வாரங்கள் கழித்து கிர்க் கண்விழிக்கிறார்.

போன உயிர் போனதுதான், அதற்குமேல் எழுதுவதெல்லாம் மாயாஜாலக் கதையே என்கிறார் என் நண்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கதிர்வீச்சால் மரணம், குளிர்ப்பேழை, ரத்தம் என மூன்று தனித்தனிக் கூறுகள் அந்தக் காட்சியில் இருக்கின்றன. மூன்றும் ஒரே அளவுக்கு நம்பத்தகாதவையா, அல்லது அவற்றுள் ஏதேனும் ஒன்று இன்றைய அறிவியலுக்கு அருகில் நிற்கிறதா என்பதே என் கேள்வி. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற விவாதம் வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இரவுப்பணி:

செங்கோள் அவர்களுக்கு வணக்கம். நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். உங்கள் நண்பர் சொல்வதை ஏற்க இயலாது. இறப்பு ஒரு நொடியில் நிகழ்ந்து முடிவது என்ற எண்ணத்தில்தான் அவர் தவறுகிறார். இதயம் நின்றதும் பத்துப் பதினைந்து நொடிகளுக்குள் நினைவு போய்விடும். அந்தக் கணத்தில் மூளையின் உயிரணுக்கள் எவையும் இறந்திருப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் அவற்றின் ஆற்றல் இருப்பு தீர்கிறது. உயிரணுச் சவ்வுகளில் உள்ள அயனி இறைப்பான்கள் நிற்கின்றன. கால்சியம் உள்ளே வெள்ளமாகப் புகுகிறது. உடல் வழக்கமான வெப்பத்தில் இருந்தால், நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குப் பிறகு சேதம் நிலைக்கத் தொடங்கும் என்று கணக்கிட்டே நாங்கள் ஓடுகிறோம். 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் மார்பை வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்று எழுதியதற்கு முன், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர் அநேகமாக இறந்தவரே. இன்று அவர்களில் ஒரு பகுதியினர் வீடு திரும்புகிறார்கள். அவர்களை ‘இறந்து பிழைத்தவர்கள்’ என்று நாம் சொல்வதில்லை. எல்லைக்கோட்டைத் தள்ளி வரைந்துகொண்டோம், அவ்வளவே.

இப்போது குளிருக்கு வருகிறேன், ஏனெனில் அந்தக் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1999 மே மாதம், நார்வேயின் நார்விக் நகருக்கு அருகே பனிச்சறுக்கில் ஈடுபட்டிருந்த சுவீடன் நாட்டு மருத்துவர் ஒருவர் உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் தலைகீழாகச் சிக்கிக்கொண்டார். அங்கே இருந்த சிறு காற்றிடைவெளியில் சுமார் 40 நிமிடங்கள் மூச்சுவிட்டிருக்கிறார். பிறகு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. சிக்கியதிலிருந்து மொத்தம் 80 நிமிடங்கள் கழித்துத்தான் அவரை வெளியே இழுக்க முடிந்தது. டிரோம்சோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு ஹெலிகாப்டரில் கொண்டுவந்தபோது உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ். துடிப்பு இல்லை, மூச்சு இல்லை, கண்பாவைகள் விரிந்து கிடந்தன. இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து ரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கி மீண்டும் உடலுக்குள் செலுத்தினார்கள். இதயம் துடித்தது. கைகளின் நரம்புகளில் பாதிப்பு நீடித்தாலும், பின்னாளில் அவர் தம்மைக் காப்பாற்றிய அதே மருத்துவமனையிலேயே பணியில் சேர்ந்தார். குளிர்ந்த உடலைச் சூடேற்றிப் பார்த்த பின்னரும் அசைவில்லை என்றால் மட்டுமே இறப்பை அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் விதி. அந்த விதியின் முழுப்பொருளை உணர்த்தியவர் அவர்.

இதை இயற்கையின் விபத்து என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மார்பில் பெருந்தமனி வளைவைச் சீரமைக்கும் அறுவையில், நோயாளியை ஏறத்தாழ 18 டிகிரிக்குக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தை வேண்டுமென்றே நிறுத்திவிடுவது பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அரைமணி நேரம்வரை அந்த மனிதருக்கு நாடி கிடையாது. மூளை மின்வரைபடம் நேர்க்கோடாக இருக்கும். வேலை முடிந்ததும் சூடேற்றி எழுப்புகிறார்கள். ஆகவே மூளையைக் காக்க முதலில் குளிர்வி என்று மெக்காய் எடுத்த முடிவு மருத்துவ அறிவிலிருந்து பிறந்ததுதான்.

அரைவாழ்வுக்காலம்:

நண்பர் இரவுப்பணி குளிரைப் பற்றிச் சொன்னதை முழுமனதுடன் ஏற்கிறேன். ஆனால் கிர்க் எதனால் இறந்தார் என்பதை அவர் தொடவில்லை. அந்தக் கதை உடைவது அங்கேதான் என்று நினைக்கிறேன். பனிக்கடியில் சிக்கியவருக்கு நின்றுபோனது ரத்த ஓட்டம் மட்டுமே. அதைத் திரும்பக் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. கதிர்வீச்சில் சிக்கியவருக்கு உயிரணுக்களின் உள்ளே இருக்கும் மரபணு வரைபடமே கிழிந்திருக்கும்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். 1946 மே 21 அன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்தில் புளுட்டோனியக் கோளம் ஒன்றை வைத்துச் சோதனை செய்தபோது கைதவறியதால் இயற்பியலாளர் லூயிஸ் ஸ்லோட்டின் பெருங்கதிர்வீச்சுக்கு ஆளானார். உடனே தம் கையாலேயே அமைப்பைப் பிரித்துவிட்டு, வெளியே நடந்து வந்து, ஒன்பது நாள்கள் கழித்துத்தான் இறந்தார். 1958 இறுதியில் அதே இடத்தில் அதைவிடப் பல மடங்கு பெற்ற ஒரு தொழிலாளி சுமார் 35 மணி நேரம் உயிரோடு இருந்தார். நரம்பு மண்டலத்தையே வீழ்த்தும் அளவு கிடைத்தாலும் பொதுவாக மணிக்கணக்கோ ஓரிரு நாள்களோ ஆகும். சில நிமிடங்களில் கதவோரம் சாய்ந்து இறக்க வேண்டுமென்றால் அந்த அளவு நாம் அறிந்த எந்த விபத்தையும் விட மிகப் பெரியதாக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் மீட்க வேண்டிய சேதமும் அதே விகிதத்தில் பெருகுகிறது.

இரண்டாவது, ரத்தம். இதற்கு நேரடியான சான்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது. 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் டோக்காய்முராவில் யுரேனியக் கரைசலைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கட்டுமீறிய அணுப்பிளவுத் தொடர்வினைக்கு ஆளானார்கள். மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 17 சீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அவருடைய எலும்பு மஜ்ஜை உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது குரோமோசோம்கள் எண்ணி வரிசைப்படுத்த இயலாதபடி துண்டுதுண்டாகக் கிடந்தன. உடன்பிறந்த சகோதரியின் ரத்தத்திலிருந்து, புதிய ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்துச் செலுத்தினார்கள். அவை உடலில் ஒட்டவும் செய்தன. புதிய வெள்ளணுக்கள் தோன்றின. சிறிது காலத்தில் அந்தப் புதிய உயிரணுக்களிலும் குரோமோசோம் சிதைவுகள் தென்பட்டன. மஜ்ஜையைத் தவிரத் தோலும் குடலும் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலை இழந்திருந்தன. 83-ஆம் நாளில் அவர் இறந்தார். வெளியிலிருந்து வரும் நல்ல ரத்தம் ரத்தத்தை மட்டுமே மீட்கும். குடலின் உட்சுவரையோ மூளையின் நரம்பணுக்களையோ அது மறுபடி எழுதித் தராது.

கானின் ரத்தத்தில் இன்று நமக்குத் தெரியாத ஏதோ பழுதுநீக்கும் பொருள் இருப்பதாக ஒரு வாதத்துக்கு வைத்துக்கொண்டாலும், எளிய தடை ஒன்று எஞ்சுகிறது. இதயம் துடிக்காத உடலில் ஊசி போட்டால் மருந்து போட்ட இடத்திலேயே தேங்கும். இறந்த சிறு பிராணி மேசையில் கிடந்தபடியே உயிர்பெற்றதில் எனக்கு உள்ள உறுத்தல் இதுதான். அதன் உடலுக்குள் அந்த ரத்தத்தைச் சுற்றவைத்தது யார்?

படத்துக்குச் சாதகமாகவும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்டெம் செல் மாற்றம் பெற்றவர்களுக்குப் புதிய செல்கள் மஜ்ஜையில் ஒட்டி வேலை செய்யத் தொடங்க வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். கிர்க் கண்விழிக்க எடுத்துக்கொண்ட இரண்டு வாரங்கள், திட்டமிட்டோ தற்செயலாகவோ, அந்தக் கணக்குக்கு நெருக்கமாகவே இருக்கிறது.

படிகம்:

‘சுற்றவைத்தது யார்’ என்று அரைவாழ்வுக்காலம் கேட்ட கேள்விக்கு ஆய்வகத்தில் விடை தேடியிருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தின் நெனாட் செஸ்டான் குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிக்கூடத்திலிருந்து 32 பன்றி மூளைகளைப் பெற்று, இறந்து நான்கு மணி நேரம் கழித்து, அவற்றின் தமனிகளில் இயந்திர இறைப்பானை இணைத்து ஆக்சிஜன் ஏந்தும் ஒரு செயற்கைத் திரவத்தை ஆறு மணி நேரம் ஓடவிட்டார்கள். உயிரணுக்கள் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டன. நுண்குழாய்கள் மருந்துக்கு இசைந்து விரிந்தன. தனியே வெட்டியெடுத்த மெல்லிய சீவல்களில் நரம்பணுக்கள் மின்துடிப்பும் காட்டின. ஆனால் முழு மூளையில் ஒருங்கிணைந்த மின்னியக்கம் எதுவும் எழவில்லை. எழக்கூடாது என்பதற்காகவே நரம்பியக்கத்தை அடக்கும் மருந்தையும் திரவத்தில் கலந்திருந்தார்கள். அப்படியும் நினைவுக்கான அறிகுறி தென்பட்டால் உடனே மயக்கமருந்து கொடுத்துக் குளிர்வித்து நிறுத்தவும் ஆயத்தமாக இருந்தார்கள். அறிவியல் புனைவில் இறந்தவரை எழுப்பும் ஆய்வாளர்கள் இவ்வளவு தயக்கத்தோடு நடந்துகொள்வதை நான் வாசித்ததே இல்லை. உண்மையான ஆய்வாளர்கள் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

2022-இல் அதே குழு முழுப் பன்றிகளிலும் இதைச் செய்தது. இதயம் நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகு தொடங்கி ஆறு மணி நேரம் திரவத்தை ஓட்டியதில் இதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் உயிரணுக்கள் மீண்டும் வேலை செய்தன. உயிரணு பிழைப்பது வேறு, ஆள் பிழைப்பது வேறு என்பதை இந்த இரண்டு ஆய்வுகளும் மிகத் துல்லியமாகக் காட்டுகின்றன.

பேழையைப் பற்றியும் ஒரு மறுப்பு. படத்தில் கிர்க்கை உள்ளே வைத்து மூடியதும் வேலை முடிந்துவிடுகிறது. மனித உடல் பெரியது, தசையும் கொழுப்பும் வெப்பத்தை மெதுவாகவே கடத்துபவை. தோலுக்கு வெளியே எவ்வளவு குளிர்ந்த காற்றை ஊதினாலும் மூளையின் நடுப்பகுதி குளிர நெடுநேரம் ஆகும். ரத்தம் ஓடிக்கொண்டிருந்தாலாவது குளிரை அது உள்ளே எடுத்துச் செல்லும். இங்கே அதுவும் இல்லை. பால்டிமோரில் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் துப்பாக்கிக் குண்டாலும் கத்திக்குத்தாலும் இதயம் நின்றவர்களுக்காக வகுத்த முறையில், பனிபோல் குளிர்ந்த உப்புநீரை நேரே பெருந்தமனிக்குள் வேகமாகச் செலுத்தி 10 முதல் 15 டிகிரிக்கு இறக்குவது இதனால்தான். குளிர் தமனி வழியாகப் போக வேண்டும்.

உறைநிலைக்குக் கீழே போனால் சிக்கல் வேறு வகை. நீர் பனிப்படிகமாகும்போது உயிரணுக்களைக் கிழித்துவிடும். வட அமெரிக்க மரத்தவளை குளிர்காலத்தில் உடல்நீரில் மூன்றில் இரண்டு பங்குவரை உறைந்து, இதயம் நின்று, வசந்தத்தில் மீண்டும் துள்ளுவது உண்மை; அது தன் உயிரணுக்களைக் குளுக்கோசால் நிரப்பிக் காத்துக்கொள்கிறது. மனித உடலுக்கு அந்த ஏற்பாடு இல்லை. 1967 ஜனவரியில் உறையவைக்கப்பட்ட முதல் மனிதரான ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் இன்றும் அரிசோனாவில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறார். அவருக்குப் பின் வந்த முறைகள் உறைதலைத் தவிர்த்துக் கண்ணாடிபோல் இறுகவைக்க முயல்கின்றன. அதில் இறுகவைப்பதைவிடச் சீராகச் சூடாக்குவதே கடினம். 2023-இல் மினசோட்டா ஆய்வாளர்கள் எலியின் சிறுநீரகங்களை 100 நாள்கள்வரை அவ்வாறு வைத்திருந்து, இரத்தக் குழாய்களில் நிரப்பிய இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் காந்தப்புலத்தால் சூடேற்றி மீட்டு, ஐந்து எலிகளுக்குப் பொருத்தினார்கள். அவை வேலை செய்தன. நாம் வந்து சேர்ந்திருக்கும் இடம் எலியின் சிறுநீரகம். கிர்க்கின் மூளைக்கு அங்கிருந்து இன்னும் வெகுதூரம் உண்டு, ஆனாலும் பாதை அதே பாதைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செங்கோள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதைத் தொடர்ந்து ஒரு துணைக்கேள்வி. 1982-ஆம் ஆண்டு ஸ்டார் டிரெக் படத்தில் இதே போன்ற அறையில் ஸ்பாக் இறக்கிறார். 1984-ஆம் ஆண்டுப் படத்தில் அவர் உடல் ஒரு புதுக்கோளின் ஆற்றலால் குழந்தையாகி மீண்டும் வளர்கிறது. நினைவுகளோ மெக்காயின் மனத்தில் பாதுகாக்கப்பட்டுப் பின்னர் திருப்பித் தரப்படுகின்றன. கூடுவிட்டுக் கூடுபாய்தலைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதன்று. அறிவியல் நோக்கில் கிர்க்கைவிட ஸ்பாக்கின் மீட்சி வலுவற்றது என்று சொல்லலாமா?

படிகம்:

முறை வலுவற்றது, ஆனால் கேள்வி வலுவானது என்பேன். நினைவு என்பது நரம்பணுக்களின் இணைப்புகளில் பதிந்திருக்கும் அமைப்பு என்பதே இன்றைய நரம்பியலின் பொதுக்கருத்து. அந்த அமைப்பைப் படித்தறிய வழியே இல்லாத அளவுக்கு அது அழிந்தால் மட்டுமே ஒருவர் முற்றாக இறந்தவர் என்று கணினி அறிஞர் ரால்ஃப் மெர்க்கிள் ஒரு வரையறை தந்தார். 2016-இல் முயல் மூளை ஒன்றை ரசாயனத்தால் இறுக்கிக் குளிர்வித்து, நுண்ணோக்கியில் இணைப்புகள் சிதையாமல் இருப்பதைக் காட்டினார்கள். அந்த மூளை ஒருபோதும் மீண்டும் உயிர்க்காது. அதிலுள்ள ரசாயனம் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டது. மெர்க்கிளின் கணக்கில் அந்த முயல் முற்றாக இறக்கவில்லை, மருத்துவரின் கணக்கில் ஐயமின்றி இறந்துவிட்டது. ஸ்பாக்கின் கதை நிற்பது இந்த இடைவெளியில். எழுதப்பட்டதிலிருந்து புதிதாக ஒருவரை உருவாக்கினால் அவர் பழைய ஸ்பாக்தானா என்ற கேள்வியை 1984-ஆம் ஆண்டுப் படம் தயக்கமின்றி எதிர்கொண்டது; அவர் தம் நண்பர்களை ஒவ்வொருவராக அடையாளம் காணத் தடுமாறுகிறார். 2013-ஆம் ஆண்டுக் கிர்க்கிடம் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

பக்கம்புரட்டி:

நான் மருத்துவம் படித்தவன் அல்லன், கதைகளை வாசிப்பவன். நீங்கள் மூவரும் அந்தக் காட்சியை உடலுக்குள் நின்று சோதித்தீர்கள். என் குறை உடலுக்கு வெளியே உள்ளது. இறப்பை மாற்றும் மருந்து ஒன்று கிடைத்துவிட்ட உலகம் மறுநாள் காலையில் எப்படி இருக்கும் என்பதை அந்தப் படம் நினைத்துப் பார்க்கவில்லை. கானின் தோழர்கள் 72 பேர் அதே மரபணு மேம்பாட்டுடன் பேழைகளில் உறங்குகிறார்கள். அவர்கள் ரத்தம் உதவாதா என்று பார்வையாளர் கேட்பது இயல்பு. 2016-இல் வந்த அடுத்த படத்திலோ அந்த மருந்து பேசப்படவே இல்லை.

இப்போது உங்கள் பன்றிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையின் செயல் முற்றாக நின்றதையே இறப்பாகக் கொள்ளலாம் என்று ஹார்வர்டு குழு 1968-இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் உறுப்புமாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை ஏற்றுக்கொண்டது. இதயம் நின்றவரிடம் உறுப்புக்கொடை பெறும் நாடுகளில், சில நிமிடங்கள் மட்டும் காத்திருந்துவிட்டுத் தொடங்குகிறார்கள். அந்தக் காத்திருப்பின் அடிப்படையே ‘இனி மீளாது’ என்ற உறுதிதான். ஒரு மணி நேரம் கழித்தும் மீட்கலாம் என்றால் அந்த உறுதிக்கு என்ன பொருள்? ஒரே இயந்திரம் ஒருவரை எழுப்பவும் பயன்படும், அவர் உறுப்புகளைப் பிறருக்காகப் பேணவும் பயன்படும். எதற்கு என்பதை அந்த இரவில் யாரோ ஒருவர் தீர்மானிக்க வேண்டும். நான் தேடும் கதை அந்த மனிதருடையது. ரத்தம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக்கூட நான் மன்னித்துவிடுவேன்; அது வேலை செய்ததால் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பதை மன்னிக்க இயலவில்லை.

இரவுப்பணி:

பக்கம்புரட்டி அவர்கள் சொன்ன மனிதர் எங்கள் துறையில் ஏற்கெனவே இருக்கிறார். மார்பழுத்தத்தை எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. இயந்திரங்கள் மேம்படும்போது அந்த முடிவு இன்னும் கடினமாகும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் உடலைவிட விளைவே முக்கியம் என்பதோடு நான் முழுமையாக உடன்படவில்லை. உடலைச் சரியாக எழுதினால் விளைவுகள் தாமே கதைக்குள் வந்துவிடும். கிர்க்கின் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் பிரிந்த இடத்திலிருந்து மருத்துவப் பிரிவுக்கு உடல் வந்து, பை திறக்கப்பட்டு, அந்தச் சிறு பிராணி மூச்சுவிடும்வரை, சில நிமிடங்களாவது அவர் அறை வெப்பத்தில் அசைவின்றிக் கிடந்திருக்கிறார். யாரும் மார்பை அழுத்தவில்லை. பன்றி ஆய்வுகளின்படி அவர் உயிரணுக்கள் அப்போது மீட்கத்தக்கவைதாம். எனினும் அவ்வளவு நேரம் ரத்தமின்றி இருந்து மீண்டவர்களுக்கு முதலில் அடிபடுவது பெரும்பாலும் நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி. பழைய நண்பர்களைத் தெரியும், இன்று காலை பேசியது தெரியாது. கை நடுங்கும். ஒரு வேலையைத் தொடங்கி நடுவில் மறந்துவிடுவார்கள்.

ஆகவே அந்தக் காட்சியை நான் திருத்தினால், கலத்தின் பொறியாளர் ஸ்காட்டி கதவைத் திறக்க இயன்ற நொடியிலேயே மார்பழுத்தத்தைத் தொடங்கச் செய்வேன். குளிர்ந்த திரவத்தைத் தமனியில் ஏற்றியபடியே மருத்துவப் பிரிவுக்கு ஓடவைப்பேன். பேழை அதற்குப் பிறகு வரட்டும். இரண்டு வாரங்கள் கழித்து அவர் கண்விழிக்கும்போது, கப்பலைக் காப்பாற்றியது யார் என்று மெக்காயிடம் கேட்கவைப்பேன். பதிலைக் கேட்டுவிட்டு, அடுத்த மணி நேரத்தில் அதையே மீண்டும் கேட்கவைப்பேன். அப்படிப்பட்டவரிடம் கலத்தைத் திரும்ப ஒப்படைக்கலாமா என்று மெக்காய் கையெழுத்திட வேண்டிய ஒரு படிவமும் அங்கே இருக்கும்.